ஆர்வில் நினைவுத் தொட்டியின் நாலாவது துளை

பாத்திரம் கழுவும் தொட்டியில் சோப்புக்கென்று தனியாக ஒரு மூக்கு வைத்துக்கொண்ட எந்தச் சமுதாயமும் நூறு வருடம் தாண்டி வாழ்ந்ததில்லை.

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு, பெத்தானி லூத்தரன் சபையின் வருடாந்திரக் கூட்டத்தில், வெர்லின் ஆஸ்கார்ட் எழுந்து நின்று இப்படி அறிவித்தார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் பையன்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்து, பத்து விரலோடும் ஓய்வு பெற்றவர். விளையாட்டுத்தனம் உள்ளவராக இருந்திருந்தால் எட்டு விரலாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

“சோப்பு பாட்டில் கையில இருக்கிற வரைக்கும் மனுஷன் எஜமான்,” என்றார். “சாய்ச்சா ஊத்தும், நிமித்தினா நிக்கும். இந்த மூக்கு வெச்ச சமாசாரம் அப்படி இல்ல. மேல ஒருத்தர் அதை அமுக்கிட்டு, பிச்சை வாங்கற மாதிரி கையேந்தி நிக்கணும். கீழ ஒருத்தர் மல்லாக்கப் படுத்து, கன்னுக்குட்டிக்குப் புட்டிப்பால் குடுக்கிற மாதிரி அதுக்கு சோப்பு ஊட்டணும். எனக்கு அறுபத்தேழு வயசு. இதுவரைக்கும் ஒரு பாட்டிலுக்கும் மண்டி போட்டதில்ல. போடறதாவும் இல்ல.”

சபையார் காபியை ஒரு வாய் குடித்தார்கள். பெத்தானியில் அது எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம்.

விஷயம் இதுதான். போன இலையுதிர் காலத்தில் ஆர்வில் ஹோவ்லண்டின் நினைவாக அவர் குடும்பத்தார் கோவில் சமையலறைக்கு ஒரு புதிய எஃகுத் தொட்டி கொடுத்தார்கள். ஆழமான தொட்டி, வான்கோழியைக் குளிப்பாட்டலாம். அதன் பின்விளிம்பில் நாலு துளைகள். குழாய்க்கு ஒன்று, வெந்நீர்த் திருகுக்கு ஒன்று, பச்சைத்தண்ணீர்த் திருகுக்கு ஒன்று. நாலாவது துளை எதற்கென்று தொட்டி செய்தவனுக்குத்தான் வெளிச்சம். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே வைத்திருந்த காகிதத் தட்டுகளையெல்லாம் கூழாக்கியது. கட்டடக் கமிட்டித் தலைவர் என்ற முறையில் வெர்லின் ஒரு தயிர் டப்பா மூடியை அதன்மேல் வைத்து டேப் ஒட்டினார். நாலு மாதமாக டேப் உரிவதும் அவர் ஒட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய கூட்டத்தில் ஆர்விலின் மனைவியும் சமையலறைத் தலைவியுமான ஆர்டிஸ் ஹோவ்லண்ட் மெல்ல எழுந்து, “அந்த இடத்துல ஒரு சோப்பு பம்ப் வெச்சா என்னன்னு... சும்மா ஒரு யோசனைதான்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குத்தான் வெர்லின் எழுந்தார்.

எழுந்திருக்கக் கூடாது. ஏனென்றால் அவர் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. பதினேழு வருடம் கமிட்டித் தலைவராக இருந்தாயிற்று. குளிர்காலத்திலும் வெயிலடிக்கும் அரிசோனாவில், மேசா ஊரில், வெர்லினும் அவர் மனைவி மார்லிஸும் ஒரு சின்ன வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஆறு குளிர்காலமும் மினசோட்டாவை விட்டு நகர முடியவில்லை. ஒரு வருடம் கோவில் பாய்லர் வெடித்தது, ஒரு வருடம் கூரை ஒழுகியது, ஒரு வருடம் மணிக்கூண்டில் அணில் குடியேறியது. மேசா வீட்டில் குளிர்காலத்தை அனுபவித்துக்கொண்டிருப்பவை பல்லிகள். இந்த வருடம் நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாகக் கட்டடக் கமிட்டி வரும்போது கடிதத்தை வாசித்து, இருபத்து மூன்று சாவிகள் கொண்ட வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் வாய் எட்டாவதிலேயே திறந்துகொண்டது.

பெத்தானி சபையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எதையாவது யார் குறை சொல்கிறாரோ, அந்த வேலை அவர் தலையில். காபி தண்ணியாக இருக்கிறது என்று 1988-ல் லவோன் என்ற பெண்மணி சொன்னார். இன்றுவரை அவர்தான் காபி போடுகிறார். காபி இன்றும் தண்ணிதான். ஆனால் அதைச் சொல்ல யாருக்குப் பைத்தியமா?

“ரொம்ப ஆழமான சிந்தனை, வெர்லின்,” என்றார் பாஸ்டர் கிர்ஸ்டன். வயது முப்பத்து நாலு. ஆனால் சட்டம் தெரிந்தவர். “இவ்வளவு யோசிச்சிருக்கீங்க. அப்ப பம்ப்பை நீங்களே தேர்ந்தெடுத்துடலாமே?”

ஒன்பதாவதில் கடிதம் வாசிக்கப்பட்டது. சபை அதை மிகுந்த நன்றியோடு பெற்றுக்கொண்டது. நாலாவது துளை அடைபட்டதும் சாவியை வாங்கிக்கொள்வதாகத் தீர்மானமும் போட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் பனி வாரும் வண்டியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது மார்லிஸ் வாயைத் திறந்தாள்.

“ஒரு ஐட்டம். ஒரே ஒரு ஐட்டம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

“சோப்பு பம்ப்தானே. ரெண்டு வாரத்துல முடிச்சிடறேன்.”

“அணிலுக்கும் ரெண்டு வாரம்னுதான் சொன்ன.”

“அணில் வேற.”

“மார்ச் ஒண்ணாந்தேதி காலைல ஆறு மணிக்கு வண்டிய எடுக்கறேன், வெர்லின். பக்கத்து சீட்டுல நீ இருந்தா நீ. இல்லன்னா ஐஸ் பெட்டி.”

வெர்லின் வேலையைத் தொழில்முறையாக அணுகினார். இரும்புக் கடைக்குப் போய், பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி மூன்று மாதிரி வாங்கி வந்தார். ஒன்று குட்டை மூக்கு. இரண்டாவது அன்னப்பறவைக் கழுத்துப்போல நீண்டு வளைந்தது. தலையை மேலே உருவி எடுத்து அப்படியே சோப்பை ஊற்றலாம். மூன்றாவது நடுத்தரம். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை, பார்த்த மறு நிமிடம் மறந்துபோகிற மூஞ்சி.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்றையும் சமையலறை மேடையில் வரிசையாக நிறுத்தினார். ஆர்டிஸ், லவோன், பாத்திரப் பொறுப்பாளர் ஜேனட் மூவரும் சுற்றி நின்றார்கள். நடுவில் ஒரு தட்டில் எலுமிச்சை கேக் துண்டுகள்.

“எது வேணும்?” என்றார் வெர்லின்.

“எனக்கு எதுனாலும் சரி,” என்றார் லவோன்.

“மூணுமே நல்லாத்தான இருக்கு,” என்றார் ஜேனட். “ஆர்டிஸ்தான் சொல்லணும்.”

“ஐயோ, நான் என்னத்த சொல்றது. உபயோகிக்கப் போறவங்க நீங்க.”

“நீங்களுந்தான உபயோகிப்பீங்க.”

“நான் எத்தனை நாளைக்கு?”

இப்படி முக்கால் மணி நேரம். அதற்குள் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பவர் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஜேனட் கத்தியை எடுத்து அதில் பாதியைத் தின்றார். லவோன் மிச்சத்தில் பாதி. வெர்லின் அதில் பாதி. கடைசியில் தட்டில் நகக்கண் அளவு கேக்கும், மேடையில் மூன்று பம்பும் அப்படியே இருந்தன. எல்லோரும் நல்ல கூட்டம் என்று சொல்லிக்கொண்டு கோட்டு மாட்டக் கிளம்பினார்கள்.

உண்மையான கூட்டம் அதன் பிறகுதான். வண்டி நிறுத்துமிடத்தில் வெர்லினின் கார்க் கண்ணாடியை லவோன் தட்டினார்.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அந்தக் குட்டை மூக்கு தொட்டிக்குள்ள எட்டாது. மேடையிலதான் ஒழுகும். தப்பா சொல்லல, நல்ல பம்ப்தான்.”

சாயங்காலம் ஜேனட் போன் செய்தார். பனியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வைக்கப் போகும்போது, “அந்த நீட்டுக் கழுத்து இருக்கே... எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஆர்விலுக்குப் பகட்டு ஆகாது பாருங்க. டை கட்டவே யோசிப்பாரு,” என்றார்.

மூன்றாவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் காத்துப் பார்த்தார். ஆர்டிஸிடமிருந்தும் ஒரு முனகல் இல்லை. பெத்தானியில் ஒரு பொருளைப் பற்றிக் குறை வரவில்லை என்றால் அது ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள். பாஸ்டரைக்கூட அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பம்ப்பைப் பற்றிக் குறை வராததற்கு ஒரே காரணம், அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான். வெர்லினும் பார்க்கவில்லை.

மாட்டும்போதுதான் பார்த்தார். தவக்காலத்தின் முதல் புதன்கிழமை காலை. அந்தப் பம்ப்புக்கு மேலிருந்து சோப்பு ஊற்ற வழியில்லை. புட்டியைக் கீழிருந்து திருகிக் கழற்றி, நிரப்பி, திருகி மாட்ட வேண்டும். தொட்டியோ ஆழம். அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, கழிவுநீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம் கைவிட வேண்டும். மல்லாக்கப் படுத்து, தோள்வரை நுழைத்து, கன்னத்தைக் குழாயில் அழுத்திக்கொண்டு வெர்லின் மாட்டி முடித்தார். அவர் கை நீளம். சட்டைக்கு மார்லிஸ் தனியாகச் சொல்லி வரவழைப்பாள். அன்று அது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துளை அடைபட்டது. ‘ஒரு தரம் மாட்டியாச்சு, இனி எவனோ பார்த்துக்கட்டும்’ என்று சாவி வளையத்தைத் துடைத்து வைத்தார்.

அன்று மாலை நூற்றுப்பத்து பேருக்குத் தவக்காலச் சூப். சூப்பைவிடப் பம்ப்புக்குத்தான் கூட்டம். குழந்தைகள் வரிசையில் நின்று அமுக்கினார்கள். ஏழு மணிக்குப் புட்டி காலி.

ஜேனட் குனிந்து கைவிட்டார். முழங்கையோடு நின்றது. லவோன் குனியவே இல்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டினார். ஜேனட்டின் புருஷன் லயல் “இதென்ன பிரமாதம்” என்று உள்ளே போனார். அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

“இப்ப வெர்லின் இருக்காரே, அவரே ஊத்திடட்டும்,” என்றது ஒரு குரல்.

இதற்கு ஒரு மருந்து இருந்தது. இரும்புக் கடையில் ஒரு நீளமான டியூப் விற்கிறார்கள். புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, டியூப்பின் ஒரு முனையைப் பம்ப்பிலும் மறு முனையைத் தரையில் நிற்கும் பெரிய சோப்பு கேனிலும் விட்டால் வருடத்துக்கு நாலு தரம் கேனை மாற்றினால் போதும். வெர்லினுக்கு அது தெரியும். ஜேனட்டுக்கும் தெரியும். அங்கே நின்ற பாதிப் பேர் வீட்டில் அதுதான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வது பம்ப்பைக் குறை சொல்வது. நினைவுத் தொட்டியில் ஒரு திருகை மாற்றினாலும் கமிட்டி கூட வேண்டும். சொன்னவர்தான் கமிட்டி. எல்லோரும் சூப்பைப் பார்த்தார்கள்.

வெர்லின் வாயைத் திறந்தார். அப்போது ஆர்டிஸ் பம்ப்பருகே வந்தார். வாதத்தால் விரல்கள் முடிச்சு விழுந்த கையை மூக்கின் கீழே நீட்டி, மறு கையின் மணிக்கட்டால் அமுக்கினார். அடியில் மிஞ்சியிருந்த ஒரு சொட்டு விழுந்தது.

“கோவில் பாட்டில் கனம், வெர்லின். எனக்குப் பிடிக்க வராது,” என்றார். “அவர்தான் பக்கத்துல நின்னு ஊத்திக் குடுப்பாரு. ஒன்பது வருஷமா. அதான் அன்னிக்கு சும்மா ஒரு யோசனை சொன்னேன்.”

வெர்லின் திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த மாதத்தில் முதல் தடவையாக, சரியான நேரத்தில். பயன் ஒன்றுமில்லை.

பாஸ்டர் கிர்ஸ்டன் சூப்புக் கிண்ணத்தோடு வந்தார். “சாவி இன்னும் உங்ககிட்டதான இருக்கு? அவசரமில்ல. ஈஸ்டர் முடியட்டும்.”

மார்ச் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு மார்லிஸ் வண்டியை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் ஐஸ் பெட்டியை வைத்து அதற்குப் பெல்ட் போட்டிருந்தாள்.

“புதன்கிழமை மட்டும் ஊத்திட்டு வியாழக்கிழமை பஸ் ஏறிடறேன்,” என்றார் வெர்லின், கண்ணாடியில் கைவைத்துக்கொண்டு.

“ஏறு.”

“அதுக்கு அடுத்த புதன் யாராவது பார்த்துப்பாங்க.”

“பார்த்துப்பாங்க, பார்த்துப்பாங்க. குளிருது, உள்ள போ.”

வியாழக்கிழமை பஸ் போனது. அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸும் போனது.

தவக்காலத்தின் நாலாவது புதன், மதியம் மூன்று மணி. கோவில் அடித்தளத்தில் வேறு யாரும் இல்லை. வெர்லின் தொட்டியின் கீழே மல்லாந்து கிடந்தார். இருபத்து மூன்று சாவிகளும் இடுப்பெலும்பைக் குடைந்துகொண்டிருந்தன. எழுந்து எழுந்து படுப்பது முதுகுக்கு ஆகாது என்று போன வாரமே கண்டுகொண்டிருந்தார். புட்டியைக் கழற்றித் தன் நெஞ்சின்மேலேயே நிறுத்தி, ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்து, பெரிய பாட்டிலை மெல்லச் சாய்த்து, நுரை கட்டாமல் ஊட்டினார். போன் டிங் என்றது. மார்லிஸ் படம் அனுப்பியிருந்தாள். மரம் நிறைய ஆரஞ்சு, அடியில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஐஸ் பெட்டி. பார்த்துவிட்டுப் போனை வயிற்றின்மேல் கவிழ்த்து வைத்தார். புட்டி நிறைந்தது. கன்னத்தைக் குழாயில் அழுத்தி, கையைத் தோள்வரை விட்டு, திருகி மாட்டினார்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்து நாலு தவணையில் எழுந்தார். கையெல்லாம் கழிவுக் குழாயின் கறுப்பு. பெரிய பாட்டில் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், மூடி திறந்தபடி நின்றது.

வெர்லின் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு கையை மூக்கின் கீழே ஏந்தி, மறு கையால் பம்ப்பை அமுக்கினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் அமுக்கினார்.