குடிக்கத்தக்கது

1968 ஐப்பசி மழையில் எங்கள் தெருச் சாக்கடை உடைந்து பொதுக் கிணற்றில் கலந்தது. பக்கத்து வீட்டுப் பட்டுத் தறிக்காரர் வீரபாகு கேட்டுக்கொண்டபடி நகராட்சிக்கு மனு எழுதினேன். பதில் வரும்வரை அவர் வீட்டார் அடுத்த தெருக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். நாங்கள் கிணற்று நீரையே இரட்டைத் துணியில் வடித்து, காய்ச்சிக் குடித்தோம். சமணர் வீட்டில் அது என்றைக்கும் உள்ள வழக்கம், மழைக்காக வந்ததல்ல.

இருபதாம் நாள் இங்கிலீஷில் பதில் வந்தது. வீரபாகு தறியை விட்டு எழுந்து வந்தார். ஆறு வயது மகள் தில்லையம்மாள் அவர் விரலைப் பிடித்திருந்தாள்.

"இன்னா எழுதிக்கீறாங்க நயினாரே?"

"தண்ணி போட்டபிள்னு எழுதியிருக்குது."

"அப்படின்னா?"

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் அகராதியை எடுத்தேன். லத்தீனில் குடிப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. வடமொழியின் 'பானம்' அதற்கு உறவு. 'பானீயம்' என்றால் குடிக்கத்தக்கது. அதுவே தேய்ந்து இந்தியில் 'பானி' ஆயிற்று.

"பாருங்க, அவங்க பாஷையில தண்ணிக்குப் பேரே குடிக்கத்தக்கதுன்னு."

"அவங்க நம்ம தெருப்பக்கம் வந்ததில்ல போல. குடிக்கலாமா கூடாதா, அத்த சொல்லுங்க."

"குடிக்கலாம்."

அன்று மாலையே அவர்கள் குடம் கிணற்றில் இறங்கியது. ஐந்தாம் நாள் தில்லையம்மாளுக்கு வாந்திபேதி. ஏழாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க எடுத்தேன். எந்தக் கடிதத்தையும் முதல் வரியிலிருந்து படிப்பது என் பழக்கம். கடிதம் வந்த அன்று மட்டும் என் கண் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டது. முதல் வரியில் நகராட்சி சோதித்த கிணற்றின் எண் இருந்தது: ஏழு. எங்கள் கிணறு நான்கு.

போய்ச் சொன்னேன். வீரபாகு தறியில் உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை.

"உங்க வீட்டுல வடிச்சிக் காய்ச்சித்தான குடிச்சீங்க?"

"ஆமா."

"எங்கள மாரி அப்படியே ஒரு வாய் குடிச்சிப் பாத்துட்டு சொல்லியிருக்கலாம் நயினாரே."

அவர் தறியை விட்டு எழுந்தார்.

"பேப்பர் எடுத்துக்கினு வாங்க. திரும்ப எழுதுங்க. கிணத்து நம்பர மொதல்ல போடுங்க."

நான்கு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். கையெழுத்துப் போடக் குனிந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"இதுல கொயந்த பேரு எங்க வரும்?"