எங்க ஊட்டுல

மலை மேலிருக்கும் வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜோஸ்லினின் கண்ணில் பட்டது அந்தப் பலகைதான். ‘கவிஞர் சின்னராஜ் பிறந்த வீடு. பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.’

அவரோடு சேலத்தில் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், இந்த வாசலை மிதித்ததில்லை. சர்ச்சுக்குப் போகிற மருமகளை மாமியார் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவர் மட்டும் மலையேறுவார். “ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்” என்பார். சேலத்து வாடகை வீடு அவர் வாயில் எப்போதும் ‘வீடு’தான். தமிழ் டீச்சரான அவள் காதில் அந்த வித்தியாசம் விழாமல் இருக்குமா? வீடு என்றால் சுவரும் கூரையும், ஊடு என்றால் உயிர் என்று தானாகவே பொருள் கொண்டாள். அவர் இறந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. என்னோடு இருந்ததும் வாடகைக்குத்தானா?

உள்ளே, அவள் அனுப்பி வைத்த அவருடைய மூக்குக்கண்ணாடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அடுப்படிக்குக் குறுக்கே கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

“ஏனுங்க அண்ணி, விருந்தாளியாட்டம் அங்கயே நின்னுட்டீங்க?”

அவருடைய தங்கை கண்ணாயி. வீட்டுச் சாவி அவளிடம்தான். கயிற்றைத் தூக்கிப் பிடித்து அண்ணியை உள்ளே அழைத்தாள்.

“அடுப்புப் பத்த வெக்கக் கூடாதுன்னு ஆபீசருங்க உத்தரவு. பிளாஸ்க்குல காப்பி வெக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க.”

சிரித்தபடி தம்ளரை வாங்கிக்கொண்ட ஜோஸ்லின், கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள்.

“இங்க வந்தா அவர் சந்தோஷமா இருப்பாருங்களா?”

“நல்லாத்தான் இருப்பாரு. பொழுது சாஞ்சாப் போதும், ‘பஸ் போயிரும், ஊட்டுக்குப் போகோணும்’னு குதிப்பாருங்க. ‘அப்ப இது யாரூடுடா?’ன்னு எங்கம்மா கேக்கும். ‘இது பொறந்த வீடும்மா. எங்க ஊட்டுல பாத்துட்டு இருப்பாங்க’ம்பாரு. எங்கம்மாளுக்கு அதுலதான் உங்க மேல நொம்பப் பொறாமைங்க!”

எங்க ஊட்டுல. பெண்டாட்டி பேரைச் சொல்லாமல் பெண்டாட்டியைச் சொல்லும் சொல்.

ஜோஸ்லின் காப்பியைக் கீழே வைத்தாள். இருந்த இடமெல்லாம் அவருக்கு வீடு. போய்ச் சேரக் கால் பரபரத்த இடம் ஊடு. சேலத்தை நோக்கி அவர் பரபரத்ததைப் பார்க்க அவள்தான் இங்கே இருந்ததில்லை. அரை வாக்கியத்தைக் கேட்டுவிட்டு இத்தனை காலம் பொருள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மீதியை வைத்திருந்து கொடுத்தவளின் கையைப் பற்றிக்கொண்டாள். நன்றி என்று சொன்னால் பள்ளிக்கூடப் பேச்சாக இருக்கும்.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

“இருந்துட்டுக் காலையில போலாமுங்க அண்ணி.”

“இல்லீங்க கண்ணாயி. ஊட்டுக்குப் போகோணும்.”

கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்படியே அண்ணனாட்டம்! சரி, பொங்கலுக்கு?”

ஜோஸ்லின் கயிற்றைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஊட்டுக்கு வராமலா?”