கண்டக்டருக்கு வந்த பொன்னுக்குவீங்கி

மலாயா முழுவதிலும் பயம் அறியாத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காஜா பேராங்கில், புக்கிட் ரம்பாய் பஸ் கண்டக்டர் மருதமுத்துவின் முகத்தில் இருந்தது. இதை அவரே டிக்கெட் கிழித்துக்கொண்டு பயணிகளுக்குப் பலமுறை தெரிவித்திருக்கிறார்.

ஆதாரமும் கையில் வைத்திருந்தார். சித்திரையில் அவர் மனைவி கமலவேணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு புருஷனின் சட்டையைப் பிடித்த பிடியை, பல் வெளியே வந்த பிறகும் விடவில்லை. “அவளுக்குப் பல்லு ஒண்ணு போச்சு, எனக்குப் பொத்தான் ரெண்டு போச்சு” என்று நாலு மாதமாகச் சொல்லிவந்தார். அப்போதெல்லாம் கமலவேணி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம், சுதந்திரத்துக்கு ஆறு நாள் இருக்கையில், அந்த வீர வாயின் இடது ஈறு வீங்கியது. கிராம்பை அதக்கினார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். மறுநாள் கன்னம் பன் ரொட்டியாக உப்பிக் கண்ணை எட்டிப் பார்த்தது.

“பல் டாக்டருகிட்ட போயிட்டு வந்துடலாங்க.”

“பல்லா? இது பொன்னுக்குவீங்கிடி” என்றார் மருதமுத்து, நாலும் படித்தவரின் நிதானத்தோடு. “கழுத்துல தங்கம் போட்டா இறங்கிடும். உன் சங்கிலியக் கழட்டு.”

கமலவேணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழற்றி அவர் கழுத்தில் மாட்டிக் கொக்கியைப் போட்டாள். விரல் கன்னத்தில் பட்டது. “கொதிக்குதுங்களே” என்றாள்.

காக்கிச் சட்டைக்கு மேல் மூன்று பவுன் மின்ன, மருதமுத்து பஸ் நிலையத்துக்குப் போனார். பஸ் கம்பெனிக் கணக்கெழுதும் கிராணி தூரத்திலேயே கையைக் காட்டித் தடுத்தார்.

“பொன்னுக்குவீங்கியா? அங்கயே நில்லுயா. பஸ்ல புள்ளைங்க ஏறுதுங்க, ஒட்டிக்கும். பத்து நாள் வீட்டுல இரு.”

“அப்ப மெர்டேக்கா அன்னிக்கு மொத பஸ்ஸு?”

“கருணாகரன் போவான்.”

சுதந்திர நாளின் முதல் பஸ்ஸை மருதமுத்து தைப்பூசத்திலேயே கேட்டு வாங்கியிருந்தார். அதற்கென்று கமலவேணி கஞ்சி போட்டுத் தேய்த்த புதுச் சட்டை ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்க்காமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

“பல்லுதான்னு சொல்லிப் பாருங்களேன்.”

“சொன்னேன். டாக்டரு சீட்டு கேக்குறான்.”

கன்னத்தைத் தடவிக்கொண்டு அவர் மெல்லக் கேட்டார்: “கமலா, அந்த ஊசி எவ்வளவு நீளம் இருக்கும்?”

நாலு மாதக் கணக்கை அங்கேயே தீர்த்திருக்கலாம். அவள் தீர்க்கவில்லை. “நான் எங்க பாத்தேன்? கண்ண மூடிட்டேன் இல்ல” என்று சேலையை மாற்றக் கிளம்பினாள்.

சீன டாக்டரின் கண்ணாடிக் கதவில், ஆள் உயரத்துக்கு ஒரு பல் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் முன் மருதமுத்து இரண்டு தடவை செருப்பு வாரைச் சரிசெய்தார். கமலவேணி காத்திருந்தாள்.

டாக்டர் கன்னத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், இது எதற்கு என்று மலாயில் விசாரித்தார்.

மருதமுத்து வாயைத் திறப்பதற்குள் கமலவேணி தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னாள். தனக்குக் கழுத்து வலி, அதனால் அவர் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். வாய்க்குள் விளக்கடித்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மீன் முள் சிக்கிச் சீழ் கட்டியிருந்தது. பிடுங்க வேண்டாம், மரக்க ஊசி போட்டுக் கீறிவிட்டால் போதும், நாலு நாளில் பஸ்ஸில் நிற்கலாம், சீட்டும் தருகிறேன் என்றார். பிறகு ஊசியை எடுத்தார்.

நீளத்தை மருதமுத்து தெரிந்துகொள்ளவில்லை. கண்ணை மூடிவிட்டார். அவருடைய இடது கை மட்டும் நாற்காலிக்கு வெளியே வந்து துழாவிற்று. கமலவேணி ஒரு அடி கிட்டே நகர்ந்து நின்றாள். கை முந்தானையைக் கண்டுபிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் கையைக் கழுவிச் சீட்டு எழுதி முடித்தும் அது விடவில்லை. சேலையில் பொத்தான் இல்லாதது நல்லதாகப் போயிற்று.