மூன்றாவது எழுத்தின் வளைவு

பம்ப் கம்பெனியின் முற்றத்தில் நானூறு பேர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கம்பெனிப் பெயரின் ஐந்து எழுத்துகளாக நின்றார்கள். மூன்றாவது எழுத்தின் வளைவில் எங்கோ என் அண்ணன். பேக்கிங் பிரிவில் பதினாறு வருஷமாக இருக்கிறான். விளம்பரப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மேனேஜர் அறை வாசலில் இரண்டு நாள் நின்று, "என் தங்கச்சி ட்ரோன் ஓட்டுவா சார், நம்பிக் குடுங்க" என்று கேட்டு எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவன் அவன்தான். அதுவரை நான் கல்யாணங்களுக்கும் மனை விற்பவர்களுக்கும்தான் பறக்கவிட்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கே எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். தரையில் நிழல் விழாமலிருக்க வெயில் உச்சிக்கு வரட்டும் என்று டைரக்டர் காத்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட யாரையும் விடவில்லை. ஓர் ஆள் நகர்ந்தால் எழுத்து கோணிவிடும். முதல்முறை காற்று தள்ளியது. இரண்டாம் முறை யாரோ முகம் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டார். மூன்றாம் முறை ட்ரோன் சீராக ஏறியது. என் கை அவ்வளவு நிதானமாக என்றுமே இருந்ததில்லை. அப்போதுதான் திரையில், வளைவில், ஒரு மஞ்சள் புள்ளி சரிந்தது. பக்கத்துப் புள்ளிகள் தவித்தன. இடத்தை விட்டு நகரவில்லை. அசையக் கூடாதென்று மைக்கில் சொல்லியிருந்தார்கள்.

"சார், யாரோ விழுந்துட்டாங்க."

"தெரியுது. நீ ஏத்திட்டே போ. இப்படி ஒரு ஷாட் திரும்ப வராது. ஓட்டைய அப்புறம் கம்ப்யூட்டர்ல அடைச்சுக்கலாம்" என்றார் டைரக்டர்.

அண்ணனாக இருக்குமோ என்று தோன்றாமலில்லை. அந்த எழுத்தில் மட்டும் எண்பது பேர் இருக்கிறார்களே, வேறு யாராவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாராவதாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஷாட் முடிய இன்னும் பதினெட்டு நொடி இருந்தது. ஏற்றிக்கொண்டே போனேன்.

இறக்கிவிட்டு ஓடினேன். ஸ்டோர் வாசலில் அண்ணனைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். நெற்றி பிளந்து, புருவத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"என்னால படம் கெட்டுப்போச்சா?" என்றான்.

"இல்லண்ணா. நல்லா வந்திருக்கு."

அவன் முகம் தெளிந்தது. நான் பார்த்தேனா என்று அவன் கேட்கவில்லை. பார்த்தேன் என்று நானும் சொல்லவில்லை.

படம் நன்றாகப் பேசப்பட்டது. அடுத்த வேலைக்கும் டைரக்டர் என்னையே கூப்பிட்டார். அந்தச் செய்தியோடு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அவன் போனில் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கித் தன்னைத் தேடிக்கொண்டிருந்தான். விழுந்தவனின் இடத்தில், பக்கத்தில் நின்றவரையே இன்னொரு தடவை ஒட்டியிருந்தார்கள்.

"இதுல நான் எங்க இருக்கேன், நீயே காட்டு."

நான் அந்த இடத்திலேயே விரல் வைத்துக் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"பரவால்லையே. மேலேருந்து பாத்தா எனக்கு இவ்வளவு முடி இருக்கா?" என்று சிரித்து, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, போனை அண்ணியிடம் நீட்டினான்.

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்து வாங்கிக்கொண்டாள். அந்தத் தலையைப் பார்த்தாள். பிறகு, நெற்றியில் தையல் தழும்போடிருந்த அவனைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.