கதவு திறந்த பிறகு எண்பது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாக அவன் சொல்லியிருந்தான். மணி இரண்டேகால். அவளுக்கு நாவலில் இன்னும் அறுபது பக்கம் படிக்க இருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். ஆறு வருடத்துக்கு முன்னால், வேலை விஷயமாக நாலு நாள் வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போன கணவன் திரும்பவில்லை. முதல் மாதம் ஒரே ஒரு செய்தி வந்தது: ‘என்னைத் தேடாதே.’ அப்போது ஒன்பது வயதான மகளுக்கு இப்போது பதினைந்து. ஓயாமல் பாடுவதால் வீட்டில் அவள் பெயர் குருவி.

போன வருடம் இருவரும் ஒரு இசை நாடகத்துக்குப் போனார்கள். பழைய நாவல் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். காணாமல் போன கப்பல்காரன் பல வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுவான். மனைவி திறப்பாள். ஒரு வார்த்தை பேச்சில்லை, நேராகப் பாட்டுதான். கைகோத்துப் பாடும்போதே திரை விழும். அம்மாவும் மகளும் விசும்பி விசும்பி அழுதார்கள். நாலு தடவை பார்த்தும் அழுகை குறையவில்லை. போன வாரம் அவன் போன் செய்து, "வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டபோது அவள் சரி என்று சொன்னதற்கு அந்தப் பாட்டும் ஒரு காரணம். அது அவளுக்கே தெரியும்.

அதைக் கேள்விப்பட்டுத்தான், கடையில் கண் பரிசோதிக்கும் அக்கா நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். "நாடகத்துக்கே இப்படி உருகுறியே, புத்தகத்தையும் படி. ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சுடு."

அந்த அவசரம் ஏன் என்று நேற்றுதான் புரிந்தது. கதவு திறந்த இடத்தில் புத்தகம் முடியவில்லை. அதற்கு மேலும் எண்பது பக்கம் இருந்தது.

அந்தப் பக்கங்களில் பாட்டே இல்லை. கப்பல்காரன் சாப்பிட்டான், தூங்கினான். மூன்றாம் நாள் அலமாரிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். மனைவி ஒரு கேள்வி கேட்க வாயெடுப்பாள்; ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வரும்.

"டிரஸ் மாத்தலையா?" குருவி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். "இப்பப் போய்ப் படிக்கிறே. முடிவுதான் நமக்குத் தெரியுமே."

"தெரியாது."

"என்னம்மா சொல்றே?"

"கொஞ்சம் இரு."

மூன்றரைக்குக் கடைசிப் பக்கம் வந்தது. மனைவி கிழவியாகிப் படுக்கையில் விழுந்த பிறகுதான், ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்கிறாள். அதற்குள் கப்பல்காரனுக்குக் காது போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

முகம் கழுவ எழுந்தபோதே வாசல் மணி அடித்தது. இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான்.

கதவைத் திறந்தாள். இளைத்திருந்தான். கிருதா நரைத்திருந்தது. கையில் பெரிய பை. அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்படி இருக்கே?"

"எங்க இருந்தீங்க?"

"உள்ள வந்து உக்காந்து பேசலாமே."

"இந்த ஆறு வருஷமா எங்க இருந்தீங்க?"

குருவி பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, முதல்ல உள்ள வரட்டும்மா."

எதிர்வீட்டுக்காரர் படியேறி வந்தார். அவர் சாவியைத் திருகி, உள்ளே போய், கதவைச் சாத்தும்வரை மூவரும் வாய் திறக்கவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? அதான் வந்துட்டேன்ல."

"எங்க?"

"இங்கதான்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "பதினேழாம் நம்பர் பஸ் கடைசி ஸ்டாப். அங்க ஒரு கிடங்குல வேலை. அங்கயே ஒரு ரூம்."

நாற்பது நிமிடப் பயணம். அவனை ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் கடலுக்கு அப்பாலும் வைத்து அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில் ஒருநாளும் நினைத்ததில்லை.

முழங்கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"நான் தினமும் அந்த பஸ்லதான் ஸ்கூலுக்குப் போறேன்," என்றாள் குருவி.

"தெரியும் கண்ணு. ரெண்டு மூணு தடவை உன்னைப் பாத்தேன். பின்னாடி சீட்ல உக்காந்திருந்தேன்."

அதை அவன் பிரியமாகத்தான் சொன்னான். மகளின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள்.

"பாத்துட்டு இறங்கிப் போயிட்டீங்களா?" என்றாள் அம்மா.

அவன் பையைக் காலால் உள்ளே நகர்த்தினான். அவள் குனிந்து அதைத் தூக்கி வெளியே வைத்தாள். நல்ல கனம். தங்குவதற்கென்றே கட்டிய பை.

"இந்த வீட்டுக்கு வேணாம். இவளைப் பாக்கணும்னா, இவ சொல்ற நாள்ல வெளியில பாத்துக்கங்க."

"நீதானே வரச் சொன்னே?"

"சொன்னேன். ஒண்ணும் கேக்காமலே சொல்லிட்டேன்."

அவன் மகளைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

குருவி அன்று சாப்பிடவில்லை. அம்மா மேல் கோபமா, அப்பா மேலா, கேட்கவும் முடியவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றாள். அம்மா மறுபேச்சுப் பேசாமல் பள்ளிவரை அவளோடு நடந்தாள். முக்கால் மணி நேரம் ஆனது.

பாதி வழியில், "அவர் பாத்த அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேனோ," என்றாள் குருவி. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க நடைதான். அவள் தினமும் கடைக்குத் தாமதம். முதலாளியின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அவன் போன் செய்தான். குருவிதான் எடுத்தாள்.

"இப்ப வேணாம்ப்பா. தோணும்போது நானே கூப்பிடுறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.