மெஹர்னிசா சொன்ன பதில்கள்

பொய் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். மெஹர்னிசாவுக்கு அதில் ஐந்து வருடப் பழக்கம் இருந்தது. மகள் நசீராவுக்கு என்ன வயதோ, அத்தனை வருடம்.

பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரி அப்துல் ரவூபின் மனைவி அவள். வீடு தேடி வந்து, "பொண்ணு இன்னா இன்னும் பேசல?" என்று கேட்பவர்களிடம், "பேசுதே, புது ஆளுங்கன்னா கூச்சம்" என்பாள். "ஏன் செவுத்தப் பாத்துக்கினே குந்திகினு கீது?" என்றால், "தூக்கக் கலக்கம்" என்பாள். கேட்கிறவர்களும் அக்கறையாகக் கேட்கவில்லை. பைத்தியம் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடிக்கத்தான் கேட்டார்கள். அந்த வாய்களை அடைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அதில் குற்றம் இல்லை. அதே பதில்களைத் தூக்கிக்கொண்டு 1968இல் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாளே, அதுதான் குற்றம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று காலை வகுப்பு நடத்துகிறார், பேசவும் பழகவும் சொல்லித் தருகிறார் என்று ரவூப் விசாரித்து வந்திருந்தார். வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. மெஹர்னிசா மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டினாள். மணிக்கட்டு வரை மூடுகிற முழுக்கைச் சட்டை போட்டாள். பிரித்துக்கொண்டே இருக்க ஒரு கோணித்துண்டைக் கையில் கொடுத்தாள். அது இருந்தால் நசீரா ஒரு மணி நேரம் அசையமாட்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார வைக்கிற ஜோடனைதான். பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மீஞ்சூர்க்காரி, பெயர் ஞானம்மா. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. "ஒரு தபா கூட என்ன அம்மான்னு கூப்ட்டதில்லம்மா. செவுத்துல முட்டிக்கினே கீறா. ஒரே பேஜாராப் பூட்ச்சி" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையை ஒருத்தி இப்படியா கடை விரிப்பாள் என்று மெஹர்னிசாவுக்கு உடம்பு கூசியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

உள்ளே டாக்டர் தாளை எடுத்து வைத்து, வயது ஐந்து என்று அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டு கேட்டார். "கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறாளா?"

"பாக்கும் சார்."

பார்த்ததே இல்லை. காதருகே பெயரைச் சொல்லிக் கத்தினாலும் திரும்பாதவள், அடுத்த அறையில் யாராவது கோணியை உதறினால் ஓடி வருவாள்.

"தண்ணி வேணும்னா எப்படிக் கேக்கறா?"

"வாய்விட்டுக் கேக்கும் சார்."

கேட்டதில்லை. தாயின் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பானைமேல் வைப்பாள். அந்தக் கை அவளுக்கு ஓர் அகப்பை, அவ்வளவுதான். கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

"மத்த பசங்களோட விளையாடறாளா? பிடிவாதம் உண்டா?"

"நல்லா ஆடும் சார். பிடிவாதம் எந்தப் புள்ளைக்குத்தான் இல்ல?"

சாப்பாட்டுத் தட்டு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் நசீரா தன் கையையே கடித்துக்கொள்வாள். முழுக்கைச் சட்டைக்குள் பல் தடம் வரிசையாக இருந்தது. ரவூப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். டாக்டர் நசீராவைப் பார்த்தார். அவள் சமர்த்தாக நார் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் லேட்டாப் பேசற கொழந்தை. நீங்க சொல்றதப் பாத்தா பயப்பட ஒண்ணுமில்ல. அந்த எடத்த வேற கொழந்தைக்குக் குடுத்துடறேன்."

மெஹர்னிசாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்ட்ரலில் அரைக் கிலோ பால்கோவா வாங்கச் சொன்னாள். "பாஸாயிட்ச்சிங்க நம்ம பொண்ணு" என்று ரயிலில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஐந்து வருடம் போனது. நசீரா பேசவில்லை. கடி அவள் கையிலிருந்து மற்றவர்கள் தோளுக்கு வந்தது. தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை, கதவு எப்போதும் உள்ளே தாழிட்டிருந்தது.

ஒருநாள் பட்டணத்தில் ஒரு நிக்காஹுக்குப் போய்விட்டு ரயிலில் தனியாகத் திரும்பும்போது, மீஞ்சூரில் இறங்குவதற்காக எழுந்தவளைப் பார்த்ததும் மெஹர்னிசாவுக்கு அடையாளம் தெரிந்தது. ஞானம்மா. பக்கத்தில் மகள். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல், ஏற்ற இறக்கமில்லாத குரலில், "அம்மா. செருப்பு" என்றாள். ஞானம்மா குனிந்து செருப்பை எடுத்துப் போட்டாள். ஏதோ தினமும் நடப்பது மாதிரி.

நிமிர்ந்தவள் இவளைக் கண்டுகொண்டாள். "நீ அன்னிக்கி வந்த அம்மாதான? ஒம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்ச்சாங்களே, அந்த எடத்ததாம்மா எங்களுக்குக் குடுத்தாங்க. நீ குடுத்து வச்சவ. பொண்ணு நல்லாகீதா?"

"நல்லாகீது" என்றாள் மெஹர்னிசா. வாய் தானாகச் சொன்னது. வண்டி நகர்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த திங்கட்கிழமையே புருஷனையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பழைய டாக்டர் இல்லை. துளசிராமன் என்ற இளம் டாக்டர் பழைய தாளைத் தேடி எடுத்துப் படித்தார்.

"அதுல எழுதியிருக்கறது பொய் சார். நான்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். கோணி, பானைமேல் வைக்கிற கை, நகர்ந்த தட்டு, பல் தடம், ஒருமுறையாவது அவள் உம்மா என்று கூப்பிடக் காத்திருந்த பத்து வருடம். "மெஹரு, போதும்" என்று ரவூப் முழங்கையைத் தொட்டார். கையை உதறிக்கொண்டு சொன்னாள். நசீராவின் சட்டைக் கையைத் தானே மடித்துக் காட்டினாள். சொல்லச் சொல்ல, மகளைக் காட்டிக்கொடுப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் மூடி வைத்ததுதான் துரோகம் என்று தோன்றியது.

டாக்டர் மூன்று பக்கம் எழுதினார். "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லம்மா. எங்க வகுப்பே இந்த மாதிரிக் கொழந்தைக்குத்தான். எடமும் இருக்கு" என்றபடி ஒரு சேர்க்கைப் படிவத்தை இழுத்தார். மெஹர்னிசா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேரும்போது ஏழு வயசு தாண்டியிருக்கக் கூடாது. கொழந்தைக்கு என்ன வயசு?"

நசீரா பத்து வயதிலும், ஏழு என்றால் நம்பும்படி எலும்பும் தோலுமாக இருந்தாள். ரவூப் முந்திக்கொண்டார். "ஏழு சார். இப்பதான் நடக்குது."

டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "அறுபத்தெட்டுலயே அஞ்சுன்னு போட்டிருக்கே. நீங்கதான அதெல்லாம் பொய்னு சொன்னீங்க, இதுவும் அப்படித்தானாம்மா?"

அந்த இடத்தில் ஒரு பொய் போதும். அதுவும் டாக்டரே எடுத்துக் கொடுத்த பொய். பத்து வருடப் பழக்கம் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. மூன்று பக்கம் உண்மை எழுதிய தாள் மேசைமேல் இருந்தது. அதில் ஒரு பொய் கலந்தால் மற்றதையும் யார் நம்புவார்கள்?

"இல்ல சார்" என்றாள் மெஹர்னிசா. "அன்னிக்கி நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெஜம்."