ஏழுக்கு அடுத்த பெட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால், மாலை ஆறரை மணிக்குச் சுந்தரராமன் மாடியறைக் கணினியின் முன் அமர்ந்து, "ஒண்ணு!" என்று குரல் கொடுப்பார். கீழே தெருவில் நிற்பவர், "எரியறது!" என்று பதில் சொன்ன பிறகே அடுத்த எண்ணுக்குப் போவார். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுத் தீபாவளி விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி ஒவ்வொன்றும், வகுப்பு மாணவனைப் போல, இவ்வாறு ஆஜர் சொல்லியாக வேண்டும்.

தெருவில் நின்று பதில் சொல்லி வந்தவள் மனைவி ராஜலக்ஷ்மி. அவள் மறைந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அதன்பின், ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் எத்திராஜ், "எரியுது சார்!" என்று சொல்லி வந்தார். பல நாட்களில் சுந்தரராமனின் காதில் விழும் ஒரே மனிதக்குரல் அதுதான்.

இதுவரை ஏழு பெட்டிகள் இருந்தன. ஒரே கேபிள் அவற்றைக் கோத்துக் கணினியோடு இணைத்தது. கணினி எந்த எண்ணை அழைக்கிறதோ, அந்த எண்ணுள்ள பெட்டி மட்டும் தன் சீரியல் விளக்குகளை ஏற்றும். இந்த 2004-இல் அவர் மேலும் ஐந்து பெட்டிகளைச் சேர்த்தார். எதிர்வீட்டு சந்திரம்மா தம் காம்பவுண்டுச் சுவரைத் தந்து உதவினார். ஒளி தெருவைக் கடந்து ஓட வேண்டும் என்பது ராஜலக்ஷ்மியின் ஆசை. வரப்போகும் பெட்டிகளுக்கான எண் சீட்டுகளைக்கூட அவள் தன் கையாலேயே எழுதிவைத்துப் போயிருந்தாள். சுந்தரராமன் அவற்றை ஒட்டி, உள்ளே எண்ணைக் குறிக்கும் சிறு சுவிட்சுகளையும் சீட்டின்படியே அமைத்து, எத்திராஜிடம் கொடுத்தார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. ஏழாவது பெட்டி வரை ஒளி தடையின்றி ஓடியது. அடுத்த கணம் எங்கும் இருள். பிறகு எதிர்ச்சுவருக்குத் தாவிய ஒளி, கடைசிப் பெட்டிக்கு முன்பே நின்றுவிட்டது.

"ஏனு சார், நம்ம வீட்டுக் கடைசி லைட்டு மட்டும் கோச்சுக்கிச்சா?" என்று சந்திரம்மா கன்னடம் கலந்து கேட்டுச் சிரித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சுந்தரராமனைச் சுட்டது. விறுவிறுவென்று கீழே இறங்கி வந்தார்.

"எத்திராஜ்! ஜாயின்ட்டை ஒழுங்கா முறுக்கினியா இல்லையா?"

"முறுக்கி டேப் சுத்தியிருக்கேன் சார். நீங்க ஒட்டுன நம்பர் பாத்துதான் வரிசையா மாட்டுனேன். மேல கம்ப்யூட்டர்ல ஒரு வாட்டி பாத்துடுங்களேன்."

"எனக்கே கம்ப்யூட்டர் சொல்லித் தரியா? முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவன் நான். படிப்பில்லாத கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

எத்திராஜ் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். டெஸ்டரை வாசல் கேட்டின் மேல் வைத்தார். "அப்போ படிச்ச கையே மாட்டிக்கட்டும் சார்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சுந்தரராமன் தாமே ஏணியில் ஏறி ஒவ்வோர் இணைப்பையும் பிரித்துப் பார்த்தார். தொடுத்த பூச்சரம்போல அத்தனையும் கச்சிதமாக இருந்தன.

மாலையில் வழக்கம்போல் அமர்ந்து, "ஒண்ணு!" என்றார். ஓர் ஆட்டோ கடந்து போயிற்று. வேறு பதிலில்லை. ஆனாலும் திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனார். "ஏழு... எட்டு..."

நாக்கு நின்றது. இந்த வீட்டில் எட்டு ஏது? எட்டு ஆகாதென்று, எட்டாம் நம்பர் இருக்கை கிடைத்தால்கூட பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவள் ஆயிற்றே ராஜலக்ஷ்மி! எதிர்ச்சுவருக்கு ஓடினார். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்றிருந்தன அவள் எழுதிய சீட்டுகள். பெட்டிகளில் அவள் சொல்லைக் கேட்ட அவருடைய கை, கணினியில் மட்டும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை தன்போக்கில் தட்டியிருந்தது. இல்லாத எட்டை அழைத்துவிட்டு, இருந்த பதின்மூன்றை அழைக்காமலே விட்டிருந்தார். தன் வாலையே பாம்பென்று கடித்த பூனையின் நிலைதான் அவர் நிலை.

திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒளி தெருவைக் கடந்து கடைசிவரை ஓடியது. ஓடியது என்று சொல்லத்தான் கீழே யாருமில்லை. அணைத்துவிட்டார்.

விடிந்ததும் ஸ்ரீராம்புரம் போனார். குழாயடியில் குடத்தோடு நின்ற எத்திராஜிடம், "தப்பு என்னோடது. நம்பரை நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்றார்.

"அன்னிக்கு உங்க தெருவே கேட்டுச்சு சார். இன்னிக்கு இந்தக் குழாய்தான் கேக்குது."

சுந்தரராமன் தலைகுனிந்தார். "சாயங்காலம் வாங்க எத்திராஜ். அங்கேயே சொல்றேன்."

ஆறரை மணிக்கு எத்திராஜைத் தம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ராஜலக்ஷ்மி நிற்கும் இடத்தில் வந்து நின்றார். கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "சந்திரம்மா, அன்னிக்கு எத்திராஜ் வேலையில ஒரு குறையும் இல்லை. தப்பு பண்ணினவன் நான். அவர் படிப்பைப் பத்திப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு" என்றார்.

மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு, சார்!"

"எரியறது!"

ஏழு வரை வந்தாயிற்று. "ஒம்போது!" என்றது மேலிருந்த குரல். எதிர்ச்சுவரின் முதல் பெட்டி ஒளிர்ந்தது. அவள் எழுதிய ஒன்பது அதில் தெரிந்தது.

"எரியறது" என்று சுந்தரராமன் முணுமுணுத்தார்.

"கேக்கல சார், இன்னும் சத்தமா!"

அவர் தலையை நிமிர்த்தி மீண்டும் ஒருமுறை உரக்கச் சொன்னார்.